சித்திரா பௌர்ணமிக்கு எடுத்த அளவு

கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்பதை இப்போது அலுவலக நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிடுகிறார்கள். ஒரு கருவியை உள்ளே இறக்கிவிட்டால் அது மணிக்கொரு தரம் தானாகவே சொல்கிறது. போன மாதம் ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்கப் போனவன், நான் வேலை பார்த்த பழைய பிரிவுக்குள் எட்டிப் பார்த்தேன். கணினி முன்னால் இருந்த பொறியாளர் அம்மா அதைக் காட்டிவிட்டு, "அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படி சார் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"சாக்பீஸ் வச்சு எடுத்தோம்மா" என்றேன்.

கேலி என்று நினைத்துச் சிரித்தார். கேலி இல்லை. அந்த சாக்பீஸை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு பிழையும் உண்டு. வேலையில் செய்த நல்லதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பிழையைச் செய்தவன்தான் சொல்ல வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மஸ்டர் ரோல் என்னும் தினக்கூலிப் பதிவில், குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் கூட்டத்தோடு சேர்ந்தேன். பள்ளத்துக்கு மேலே நின்று லெவல் பார்க்கிறவர்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகுதான் அந்தச் சுரைக்காயின் அருமை தெரிந்தது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பாலிடெக்னிக் பாடநூல் ஒன்றை வாங்கி, தெரியாத சொல்லையெல்லாம் யாராவது ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். ஆறேழு வருஷத்தில் அளவெடுக்கும் ஆளாகிவிட்டேன். பதிவேட்டில் மட்டும் இன்னும் பள்ளம் தோண்டுகிற ஆள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை நகரத்துக்கு நீண்டகாலக் குடிநீர்த் திட்டம் ஒன்று போடச் சொல்லி உத்தரவு வந்தது. முப்பது வருஷம் கழித்து ஊர் எவ்வளவு பெருத்திருக்கும், அத்தனை பேருக்கும் எங்கிருந்து தண்ணீர் வரும் என்று இப்போதே சொல்ல வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலை என்னவோ தெருத் தெருவாக நடப்பதுதான். திண்டுக்கல் சாலையில் விளாங்குடிப் பக்கம் அப்போது வாரத்துக்கு ஒரு வயல் பிளாட்டாகிக்கொண்டிருந்தது. நானே அங்கே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் குழாய் இருந்தது. திறந்தால் பெருமூச்சு விடும்; தண்ணீர் விடாது. வாரம் இரண்டு முறை லாரி வரும்.

திட்டத்தின் முதுகெலும்பு வைகை அணைத் தண்ணீர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோடையில் அணை கை விரித்தால் என்ன செய்வது? அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வேறோர் ஆதாரம் வேண்டும். விளாங்குடிக்கு மேற்கே, வைகை ஆற்றங்கரை ஓரமாக ஒரு கிராமம். தென்னையும் வாழையும் நெல்லுமாக இருக்கும். அங்கே பெரிய கிணறுகள் தோண்டி, கோடையில் மட்டும் இறைத்து, விளாங்குடிப் பக்கம் கொண்டுவரலாம் என்பது யோசனை. அதற்கு அந்த ஊர்க் கிணறுகளில் கடுங்கோடையிலும் தண்ணீர் நிற்கிறதா என்று தெரிய வேண்டும். அந்தப் பொறுப்புத்தான் என்னிடம் வந்தது.

எங்கள் பொறியாளர் பத்மநாபன் சார். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டார் தெற்கு மாசி வீதிப் பக்கம் சேலை வியாபாரம். வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசுவார். ரிசீவரை வைத்ததும் மறுபடி அமைதியாகிவிடுவார். தினக்கூலி ஆளான என்னையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை. நாம் ஓர் அளவைச் சொன்னால் அதை அவர் ஒரு முறை திருப்பிச் சொல்வார், பென்சிலால் எழுதுவார், அடுத்த நாள் மறுபடி கேட்டுவிட்டுத்தான் பேனாவால் எழுதுவார். தப்பு என்று பட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைக்கு நாங்கள் பயந்த பயம், மற்ற அதிகாரிகளின் கத்தலுக்குப் பயந்ததில்லை. "நாய் குரைக்கிறப்ப தள்ளி நிக்கலாம், இவரு குரைக்கவே மாட்டேங்கிறாரேய்யா" என்பார் எங்கள் டிரைவர்.

கிணற்று அளவு எடுக்கும் முறையும் அவர் கற்றுக்கொடுத்ததே. கிணற்று விளிம்பில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. எந்த நாள் போனாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். இரும்பு நாடாவின் கீழ்ப்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு சாக்பீஸைத் தேய்த்துவிட வேண்டும். நுனியில் ஈயக்குண்டு. மெதுவாக இறக்க வேண்டும். தண்ணீரைத் தொட்ட பிறகும் கொஞ்சம் இறக்கி, மேலே கோட்டுக்கு நேராக ஏதாவது ஒரு முழு அடி வரும்படி நிறுத்தி, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு சுருட்ட வேண்டும். தண்ணீர் பட்ட இடத்தில் சாக்பீஸ் கறுத்திருக்கும். மேலே சொன்ன எண்ணிலிருந்து கறுத்த நீளத்தைக் கழித்தால் தண்ணீரின் ஆழம். கழித்ததை அங்கேயே, கிணற்று மேட்டில் நின்றே எழுத வேண்டும். ஜீப்புக்கு வந்து எழுதக் கூடாது. "நடக்கிறப்ப எண்ணும் கூட நடக்கும்" என்பார் சார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அளவு செல்லாது. முந்தின நாளிலிருந்தே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அளவு என்று முடிவாயிற்று. முதல் தடவை இங்கிலீஷ் தேதி சொல்லிவிட்டு வந்தோம். போய்ப் பார்த்தால் பதினோரு கிணற்றில் எட்டில் மோட்டார் ஓடுகிறது. "நேத்துன்னு நெனச்சேண்ணே", "நாளைக்குன்னுல நெனச்சேன்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நான்தான் சாரிடம் ஒரு யோசனை சொன்னேன். "இங்கிலீஷ் தேதி இவுகளுக்கு நிக்காது சார். பௌர்ணமின்னு சொல்லிருவோம். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. மூணு மூணு மாசமும் ஆச்சு. நெலாவ எவனும் மறக்க மாட்டான்."

சார் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல யோசனை" என்றார். அவர் வாயில் அது அபூர்வம். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

யோசனை பலித்தது. அடுத்த பௌர்ணமியில் பதினோரு மோட்டாரும் நின்றன. சித்திரா பௌர்ணமி வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள். விடியலில் நானும் கூட்டத்தில் நின்று அழகரைப் பார்த்தேன். மத்தியானம் நாடாவோடு கிராமத்துக்குப் போனேன். ஊரில் பாதிப் பேர் இல்லை, எல்லாரும் மதுரையில். தொல்லையில்லாமல் அளந்தேன். ஆறு ஏழு அடியிலேயே சாக்பீஸ் கறுத்தது. கத்திரி வெயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இவ்வளவு தண்ணீர். மறு வருஷமும் சித்திரா பௌர்ணமிக்கு அதே கதை. படிவத்தில் கீழே, 'அளவு எடுத்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. மேலே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் சாருடையது.

அந்த அளவை நம்பித் திட்டம் எழுதப்பட்டது. வரைபடத்தில் ஆற்றங்கரையில் வரிசையாகச் சின்ன வட்டங்கள். அங்கிருந்து விளாங்குடிக்கு ஒரு நீலக்கோடு. சென்னைக்குப் போகும் கோப்பு தயாரானது. அதே வாரம் தினக்கூலி ஆட்களில் நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலும் தயாரானது. கிணற்று ஆய்வைச் சொல்லி என் பெயரை சார் சிபாரிசு செய்திருந்தார்.

கோப்பு போவதற்கு நாலு நாள் இருக்கும்போது, கிணறு வர வேண்டிய இடங்களில் கல் நடச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வைகாசி பிறந்துவிட்டது, திருவிழா முடிந்து மூன்று வாரம் இருக்கும். பேச்சியம்மாள் என்றொருவர், தன் தென்னந்தோப்பையும் கிணற்றையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கல்லை இறக்குவதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு தம்பி கல்லு?"

"கெணறு தோண்டப் போறாக அக்கா. கோடைக்கு விளாங்குடிப் பக்கம் தண்ணி கொண்டு போக."

"எதுக்கு?"

"கோடைக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் தோப்பிலிருந்த காக்கை எழுந்து பறந்தது. "ஏந் தம்பி, கோடைக்கு நாங்களே ஆகாசத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். மோட்டார் அரை மணி நேரத்துல காத்து வாங்குது. இதுல ஒனக்கு எம்புட்டு வேணும்?"

"என்னக்கா சொல்றீக? சித்திரையில நான்தான அளந்தேன். ஏழடியில தண்ணி நின்னுச்சே?"

"சித்திரையிலயா? என்னைக்கு?"

"பௌர்ணமிக்கு."

அவர் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "அழகரு எறங்குறதுக்கு அணையில தண்ணி தொறந்து விட்டாகள்ல? ஆத்துல தண்ணி ஓடுனா கரையோரத்துக் கெணறு ஊறாம என்ன செய்யும்? அது விருந்தாளித் தண்ணி தம்பி. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்."

அழகருக்குத் தண்ணீர் திறப்பது மதுரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அன்று காலையில் அந்தத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் மத்தியானம் அளக்கப் போயிருக்கிறேன். எல்லாருக்கும் தெரிந்தது என்பதாலேயே அது யார் கணக்கிலும் வரவில்லை. அணையில் இருக்கும் தண்ணீரை ஓர் ஆதாரம் என்று எழுதிவிட்டு, அதே தண்ணீர் கிணற்றுக்குள் வந்து நின்றதை இன்னோர் ஆதாரம் என்று எழுதியிருக்கிறோம்.

"இதை ஏன்க்கா ரெண்டு வருசமா சொல்லல?"

"நீ எதுக்கு அளக்குறேன்னு எப்பச் சொன்ன? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாரே. வெள்ளையா எதையோ பூசுறே, உள்ள விடுறே, வாய்க்குள்ள எண்ணுறே, போயிருறே. கவர்மெண்ட்டுல ஏதோ சாங்கியம்னு நெனச்சோம். என் கொழுந்தன் கூட, 'கும்பிட்டுட்டுப் போகட்டும், மோட்டார நிறுத்துங்க'ன்னான்."

நாடாவை எடுத்தேன். அவர் கிணற்றில் விட்டேன். இறங்கிக்கொண்டே போயிற்று. சுருட்டிப் பார்த்தால் பூசின சாக்பீஸ் பூசினபடி வெள்ளையாக இருந்தது. இன்னும் நீளமாக விட்டேன். அடியில் சேற்றைத்தான் தொட்டது. அன்றும் மறுநாளும் யாரிடமும் கேட்காமல் பதினோரு கிணற்றையும் அளந்தேன். இரண்டில் மட்டும் இடுப்பளவு தண்ணீர். மற்றவை ஒன்பதும் பேச்சியம்மாள் சொன்ன கதைதான்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கிணறு தோண்டிக் குழாய் போட்டு முடிக்கவே பல வருஷம் ஆகும். அப்போது தண்ணீர் வராவிட்டால் மழை சரியில்லை என்று எழுதிக்கொள்வார்கள். நான் அதற்குள் நிரந்தரமாகி, பிள்ளைக்குக் கல்யாணமும் செய்திருப்பேன். சாயங்காலம் என் மனைவி ராசாத்தியிடம் சொன்னேன்.

"சொன்னா ஒங்க ஆர்டர் வருமா?" என்றாள்.

"சந்தேகம்தான்."

"சொல்லாட்டி?"

"வந்துரும்."

"தண்ணி?"

"வரும்னு காகிதத்துல இருக்கும்."

"காகிதத்தப் புழிஞ்சா குடத்துல ஊத்தப் போறீக?" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அவள் கோபம் என் மேலா, காகிதத்தின் மேலா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். இந்த முறை அவர் எழுதவும் இல்லை, திருப்பிச் சொல்லவும் இல்லை. எழுந்து, "நாடா எங்கே?" என்றார்.

ஜீப்பில் நேராகக் கிராமத்துக்குப் போனோம். பேச்சியம்மாள் கிணற்று மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்பீஸைத் தானே வாங்கித் தேய்த்து, சிவப்புக் கோட்டில் நாடாவை வைத்து இறக்கினார். சுருட்டினார். வெள்ளை. கைக்குட்டையால் நாடாவைத் துடைத்துவிட்டு மறுபடி முழுக்கத் தேய்த்து இறக்கினார். வெள்ளைதான். தோப்பு நிழலில் நின்ற பேச்சியம்மாள், "பெரிய பூசாரி போலருக்கு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சார் கிணற்று விளிம்பிலேயே உட்கார்ந்தார். "நானும் அன்னிக்கு ஆத்துக்குப் போயிருந்தேன்" என்றார். "குடும்பத்தோட. தண்ணி இருக்குன்னு பசங்க ஒரே சந்தோஷம்."

அலுவலகத்துக்கு வந்து கோப்பைத் திறந்து குறிப்பு எழுத உட்கார்ந்தார். பென்சில் எடுக்கவில்லை, நேராகப் பேனா. "அளவு நாளை யார் முடிவு பண்ணினதுன்னு எழுதணும்" என்றார்.

"நான்தான் சார்."

"யோசனை உங்களுது. ஒப்புக்கிட்டது நான்."

அப்படியே எழுதினார். பௌர்ணமி யோசனை களப்பணியாளருடையது என்று என் பெயர். திருவிழாவுக்கு நீர் திறப்பதைக் கவனிக்காமல் ஒப்புதல் தந்தது தான் என்று தன் பெயர். ஆற்றங்கரைக் கிணறுகளைக் கோடை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று கடைசி வரி. என் பெயரை அவர் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விட்டிருக்கலாமே என்று எனக்கு அன்றைக்கும் வருத்தம், அதற்குப் பிறகு சில வருஷமும் வருத்தம். தன் பெயரையும் விடவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வந்து உண்மையைச் சொன்னதும் அதே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்திருந்தாராம். அதை நான் பார்க்கவில்லை. டைப் அடித்தவர் சொன்னார்.

வட்டங்கள் அழிந்தன. நீலக்கோடும் அழிந்தது. திட்டம் திரும்பி வந்தது. விளாங்குடிப் பக்கத்துக்கும் அணையிலிருந்தே தண்ணீர் என்று மாற்றி எழுத, கூடுதல் குழாய்க்கு இடம் பார்க்க, அனுமதி வாங்க என்று வருஷங்கள் ஓடின. இடையில் அதே பதினோரு கிணறுகளை வாரா வாரம் அளந்தோம், வெள்ளிக்கிழமை தோறும். எதற்கு அளக்கிறோம் என்று ஒவ்வொரு கிணற்றுக்காரரிடமும் முதலில் சொன்னோம். சொன்ன பிறகு அவர்கள் சொன்ன சங்கதிகள் ஒரு நோட்டுக்கு மேல் போயின. எந்தக் கிணறு எந்த வாய்க்காலுக்கு ஊறும், எது மழைக்கு மட்டும் ஊறும் என்பதெல்லாம் அதில் இருந்தன. சாருக்குப் பதவி உயர்வு தள்ளிப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் வர நாலு வருஷம் ஆயிற்று.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பெரிய வறட்சி வந்தது. அணையில் தண்ணீர் இல்லை. அந்தச் சித்திரையில் ஆற்றிலும் ஓடவில்லை. ஆற்றங்கரைக் கிணறுகளில் நாடா விட்டால் சேறுகூட ஒட்டாது. நாம் சொன்னது சரியாய்ப் போயிற்று என்று மகிழ வழியில்லை. எங்கள் தெருவுக்கும் புதுக் குழாய் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. விளாங்குடியில் லாரிக்காகத் தெரு முழுக்க வரிசை.

ஒரு நாள் காலை அந்த வரிசையில் ராசாத்திக்குத் துணையாக நானும் போய் நின்றேன். முன்னால் நின்ற மெஸ்காரம்மா எல்லாருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"நமக்குன்னு ஒரு கெணத்துத் திட்டம் போட்டிருந்தாகளாம். ஆத்தங்கரையில இருந்து நேரா நம்ம தெருவுக்கே தண்ணி. ஆபீசுல எவனோ ஒருத்தன் குறுக்க விழுந்து கெடுத்துட்டானாம். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

நான் பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த துணிகளை எண்ணத் தொடங்கினேன்.

"எவனோ இல்ல, எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் ராசாத்தி. குடத்தைக் காலால் ஓர் அடி முன்னே நகர்த்தினாள். "அந்தக் கெணத்துல தண்ணி கெடையாதுக்கா. கொழாயப் போட்டிருந்தா, கொழாயும் இருந்திருக்கும், இந்த வரிசையும் இருந்திருக்கும். அந்த ஊருச் சனத்துக்குத் தொண்டைய நனைக்கக் கூட இருந்திருக்காது."

மெஸ்காரம்மா திரும்பி என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தார்.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் அவர். "உண்மையச் சொன்ன மனுசன் சும்மா நிக்காம என் ரெண்டு குடத்தையும் தூக்கியாந்து வைக்கட்டும். முட்டி வலி எனக்கு."

லாரி வந்தது. அவருடைய இரண்டு குடங்களையும் மெஸ் வாசல்வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். அந்தக் கோடை முடியும்வரை, லாரி வந்த நாளெல்லாம் வைத்தேன்.